ஓநாய்க்குச் சேர வேண்டிய நான்கு அடி

தலையில் அடிபட்டால் நட்சத்திரம் தெரியும் என்று கார்ட்டூன் படத்தில் முதன்முதலில் வரைந்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் அடி வாங்கியவர் என்று சத்தியம் செய்வேன். என் வலது கண் போன அன்று எனக்கும் தெரிந்தது. படத்தில் வருவதுபோல் வட்டமாகச் சுற்றவில்லை. ஓரமாக நின்று மின்னியது. பிறகு மேலிருந்து ஒரு கறுப்புத் திரை மெதுவாக இறங்கியது. அதற்குப் பின் அந்தக் கண்ணில் வேறு படம் எதுவும் ஓடவில்லை.

நான் ஓநாய். பதினொரு வருடமாக ஓநாய். எங்கள் கேளிக்கைப் பூங்காவின் நடுவில் ஒரு மேடை இருக்கிறது. நாளைக்கு நான்கு காட்சி. பழைய கார்ட்டூன் தொடர் ஒன்றை வைத்துக் கட்டிய இருபது நிமிட நாடகம். ஓநாய் முயலைத் தின்ன வரும். தவளை ஓநாயை அடிக்கும், அணில் அடிக்கும், ஆமை அடிக்கும், கடைசியில் முயல் அடிக்கும். ஓநாய் விழும், எழும், திரும்ப விழும். இதைக் கதை என்று சொன்னால் கதை கோபித்துக்கொள்ளும். ஆனால் எங்கள் மேலாளர் இதைக் ‘காலத்தை வென்ற காவியம்’ என்பார். அவருடைய முழுப் பதவி ‘மகிழ்ச்சிப் பிரிவுத் தலைமை மேலாளர்’. அறைக் கதவில் அதை எழுதியபோது இடம் போதாமல் ‘மேலாளர்’ கதவின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு சுவருக்குப் போய்விட்டது.

மேடையில் விழுகிற அடி வலிக்காது. சுத்தியல் ஃபோமால் ஆனது, மேலே சிவப்புத் துணி. வலிப்பது காட்சி முடிந்தபின். கீழே இறங்கிப் பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் முட்டியில் உதைப்பார்கள். ஐந்திலிருந்து பத்துக்குள் என்றால் குறி இன்னும் கொஞ்சம் மேலே. அப்பாக்கள் என் இரண்டு கையையும் பின்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, “உள்ள பஞ்சுதான்டா, வலிக்காது, இன்னொண்ணு குடு” என்று உற்சாகப்படுத்துவார்கள். ஒருமுறை ஏதோ அலுவலகத்தார் எட்டுப் பேர், குழு ஒற்றுமையை வளர்க்கும் பயிற்சி என்று வந்து, என்னைக் குப்புறத் தள்ளி முதுகின்மேல் ஏறி நின்று படம் எடுத்தார்கள். என் விலா எலும்பில் விரிசல். அவர்களுடைய ஒற்றுமை நன்றாக வளர்ந்திருக்கும்.

வேஷத்துக்குள் இருப்பவர் வாய் திறக்கக் கூடாது என்பது பூங்காவின் முதல் விதி. ‘ஒரு குரல், ஒரு குழந்தையின் கனவைக் கொல்லும்’ என்று உடை மாற்றும் அறையில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். எலும்பு விரிசல் விட்டபோதும் நான் யாருடைய கனவையும் கொல்லவில்லை.

இனி எங்களுக்குள் இருந்த வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் நடந்தது விளங்காது.

பராமரிப்புக் கிடங்கில் கூடார முளை அடிக்கிற மரச்சுத்தியல் ஒன்று உண்டு. மேடைச் சுத்தியலின் அதே அளவு. அதற்கும் ஒரு சிவப்பு உறை தைத்து வைத்திருந்தோம். எங்களில் ஒருவர் வேலையை விட்டுப் போகிறார் என்றால், தன் கடைசிக் காட்சியில் ஃபோமை விட்டுவிட்டு மரத்தை எடுப்பார். ஒரே அடி. எங்கே விழ வேண்டும் என்பது போகிறவர் இஷ்டம். விழுகிறவன் நான். இதற்கு ‘விடையடி’ என்று பெயர்.

ஆரம்பித்தது ஒரு வாத்து. கடைசி நாள் மேலாளரின் பல்லைத் தட்டிவிட்டுத்தான் போவேன் என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசி நாள் வந்தது. மேலாளரின் கையைக் குலுக்கினான், சேர்ந்து படம் எடுத்துக்கொண்டான், மேடைக்கு வந்தான், அந்த மரச்சுத்தியலை என் முதுகில் இறக்கினான். பிறகு உடை மாற்றும் அறையில் என்னைக் கட்டிக்கொண்டு, “மனசு லேசாயிடுச்சு ஓநாயே” என்று அழுதான். எனக்கு மூன்று நாள் குனிய முடியவில்லை. அவனுக்குப் பின் பதினேழு பேர். மேலாளருக்குக் கைகுலுக்கல் கொடுத்தார்கள், எனக்கு மனதில் இருந்ததையே கொடுத்தார்கள் என்று நான் பெருமைப்பட்டதும் உண்டு. அடி வாங்குகிறவனுக்கு இப்படி ஒரு தத்துவம் கிடைத்துவிட்டால் அப்புறம் அவன் ஓடவே மாட்டான்.

கண்ணை எடுத்தது கரடி. நல்ல மனிதர். தங்கையின் நாற்காலிக் கடைக்குப் போகிறேன் என்று கிளம்பியவர், மேடையில் குறி தவறித் தலையில் போட்டுவிட்டார். இப்போதும் எப்போதாவது ‘உடம்பு எப்படி?’ என்று செய்தி அனுப்புவார். நலம் என்று பதில் போடுவேன். பூங்காவில் காய்ச்சல் என்று சொல்லி இரண்டு வாரம் படுத்திருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். யாருக்கும் தெரியவில்லை. ஓநாயின் வாய்க்குள் இருக்கிற வலை வழியாக உலகத்தைப் பார்ப்பவனுக்கு இரண்டு கண் என்பதே ஆடம்பரம்.

போன மாதம் கண் மருத்துவர் இடது கண்ணையும் பார்த்தார். விழித்திரை ஓரத்தில் காகிதம்போல் மெலிந்திருக்கிறது என்றார். “தலையில இன்னொரு பலமான அடி பட்டா இதுவும் கழண்டுடும். என்ன வேலை பாக்குறீங்க?” என்று கேட்டார்.

“ஓநாயா இருக்கேன் டாக்டர்.”

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மனநல மருத்துவருக்கும் ஒரு சீட்டு எழுதலாமா என்று யோசித்திருப்பார்.

இதை நான் சொன்ன ஒரே ஆள் முயல். மேடையில் பத்து வருடமாக என் எதிரி. கீழே இறங்கினால் என்னோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவள். வாய் கத்திபோல இருக்கும். என் மனைவியிடம்கூட இடது கண்ணைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. முயலிடம் சொன்னேன். அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிவிட்டு, “இனிமே ஃபோம்லயும் தோளுக்குக் கீழதான் அடிப்பேன்” என்றாள். அப்படியே செய்தாள்.

அதற்கு அடுத்த வாரம் மேலாளர் என்னை அறைக்கு அழைத்தார். மேசைமேல் ஒரு படத்தை விரித்தார். பார்வையாளர்கள் வரிசையில் நின்று ஓநாயை அடிப்பதுபோல் வரைந்திருந்தது.

“பங்கேற்புக் கதை” என்றார். “இனிமே மக்கள் பார்க்க மாட்டாங்க. கதைக்குள்ள வாழ்வாங்க.”

“அப்ப முயல், ஆமையெல்லாம் சார்?”

“அடிக்கிறதுக்கு ஆள் வெளியிலேருந்தே வர்றாங்களே. அடி வாங்கத்தான் ஆள் வேணும். நீங்கதான் இந்தக் கதையோட இதயம்.”

இதயத்துக்குக் கையெழுத்துப் போட ஒரு தாள் இருந்தது. நான் இரண்டு நிபந்தனை சொன்னேன். காற்றடைத்த பலூன் சுத்தியல் மட்டும்தான். கழுத்துக்கு மேலே யாரும் அடிக்கக் கூடாது. ஏன் என்று அவர் கேட்கவில்லை, கேட்கிற பழக்கமில்லாதவர். எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். நான் போட்ட கையெழுத்தில் நான்கு பேர் வேலை போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் போட்டேன். என்னிடம் மிச்சமிருந்தது ஒரே கண். அந்த அறையில் அதைக் காப்பாற்ற வேறு வழி எனக்குத் தென்படவில்லை.

கார்ட்டூனில் மலை உச்சியிலிருந்து ஓடுகிறவன் வெறும் காற்றில் கொஞ்ச தூரம் ஓடிக்கொண்டே இருப்பான். கீழே பார்த்தால்தான் விழுவான். எங்கள் ஆட்களும் நான்கு நாள் அப்படி ஓடினார்கள், ஐந்தாம் நாள் அறிவிப்புப் பலகை அவர்களைக் கீழே பார்க்க வைத்தது. ஒரு பக்கம் நான்கு பேருக்கான கடிதம். அதற்குத் தலைப்பு ‘கதையிலிருந்து பட்டம் பெறுவோர்’. இன்னொரு பக்கம் என் படம். ‘புதிய பயணத்துக்கு மனமுவந்து கையெழுத்திட்ட முதல் கலைஞர்’. தாளையும் சேர்த்து ஒட்டியிருந்தார். அதில் என் கையெழுத்தும் தேதியும் பளிச்சென்று தெரிந்தன.

உடை மாற்றும் அறைக்குள் நான் கால் வைத்ததும் ஆமை எழுந்தார். முன்பு பளு தூக்கியவர். முதுகு ஓட்டைத் தனியாகத் தூக்க இரண்டு பேர் வேண்டும், அவர் ஒரு கையால் மாட்டிக்கொள்வார். அதே கையால் என் கழுத்தைப் பிடித்து இரும்பு அலமாரியில் சாத்தினார். அலமாரிக் கதவு உள்ளே அமுங்கியது.

“தேதி பாத்தேன்” என்றார். “திங்கக்கிழமை கையெழுத்து. செவ்வாக்கிழமை என்கூட டீ குடிச்ச. புதன்கிழமை என் பேத்திக்குப் பொறந்தநாள்னு பலூன் ஊதிக் குடுத்த.”

என்னால் பேச முடியவில்லை. மூச்சுக்குழாய் அவர் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது.

“விடுங்கண்ணே, செத்துத் தொலைஞ்சா நம்ம தலையிலதான் விழும்” என்றான் அணில். அணில் என் மனைவியின் தம்பி. வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். அவன் என்னைக் காப்பாற்றவில்லை, நாள் குறித்தான். “ஞாயித்துக்கிழமை கடைசி ஷோ இருக்குல்ல. அங்க வச்சுக்கலாம். என்ன மாமா?”

ஆமை கையை எடுத்தார். “முட்டி” என்று மட்டும் சொன்னார். “எனக்கு முட்டி.”

தவளை மூலையில் உட்கார்ந்து பச்சைக் கையுறைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். ஆறு வருடமாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

வீட்டில் என் மனைவி வேறு பக்கத்திலிருந்து தாக்கினாள். “ஏங்க, என் தம்பி பேரை மட்டும் எடுக்கச் சொல்லியிருக்கலாமில்ல? கையெழுத்துப் போடும்போது வாய்ல என்ன இருந்துச்சு?” என்று கரண்டியைச் சுவரில் எறிந்தாள். என்மேல்தான் எறிந்தாள், வலது பக்கமாக வந்ததால் நான் பார்க்கவில்லை, பார்க்காததால் நகரவில்லை, நகராததால் தப்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வராமல் இருந்துவிடலாம் என்று யோசித்தேன். ஆனால் விடைபெறும் காட்சியைத் தலைமை அலுவலகம் படம்பிடிக்கிறது, ஓநாய் வராவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்று மேலாளர் சுற்றறிக்கை விட்டிருந்தார். தவிர, நான்கு பேர் வேலையை விழுங்கியவன் அவர்களுடைய ஒரு அடியையும் கொடுக்காமல் ஒளிந்துகொள்வது எனக்கே கேவலமாக இருந்தது. முதுகு, தொடை, விலா, முட்டி எதுவும் எடுத்துக்கொள்ளட்டும். தலை மட்டும் தப்பித்தால் திங்கட்கிழமையிலிருந்து பலூன் சுத்தியல்.

முயலிடம் மட்டும் கேட்டுக்கொண்டேன். கடிதம் வந்த பிறகும் அவள் அதே மேசையில்தான் வந்து உட்கார்ந்தாள். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“ஞாயித்துக்கிழமை தலையில மட்டும் வேணாம்.”

“சரி.”

“நிஜமா?”

“சரின்னா சரிதான். சாப்பிடு.”

ஞாயிற்றுக்கிழமை மதியம். காட்சிக்கு இருபது நிமிடம் இருந்தது. மற்ற நால்வரும் வேஷம் போட்டுக்கொண்டு மேடையின் மறுபக்கம் போய்விட்டார்கள். ஓநாய் தனியாக இந்தப் பக்கத்திலிருந்து நுழைய வேண்டும். நான் கால்பகுதியை மாட்டிக்கொண்டிருந்தபோது மேலாளர் வந்தார். பின்னால் ஒரு படப்பிடிப்பாளர்.

“கழட்டுங்க” என்றார்.

“சார்?”

“இன்னைக்கு நான்தான் ஓநாய். தலைமை அலுவலகம் எல்லா மேலாளரையும் ஒரு நாள் கதாபாத்திரத்தோட தோலுக்குள்ள வாழச் சொல்லியிருக்கு. யாருக்கும் தெரியக் கூடாது. கடைசியில நான் தலையைக் கழட்டுவேன். ‘உங்க வலியை நானும் வாங்கிக்கிட்டேன்’னு சொல்வேன். அவங்க அழுவாங்க. அதை இவரு எடுப்பாரு.”

படப்பிடிப்பாளர் தலையாட்டினார். அழுகையை எங்கிருந்து எடுப்பது என்று ஏற்கெனவே இடம் பார்த்துவிட்டாராம்.

நான் கெட்டவனில்லை. சொல்லிப் பார்த்தேன். “சார், இன்னைக்கு வேணாம். இன்னைக்கு அடி கொஞ்சம் பலமா விழும்.”

“அதுதான் வேணும். உண்மையா இருக்கணும்.”

“இல்ல சார், நிஜமாவே பலமா…”

“நீங்க பதினொரு வருஷமா வாங்குறீங்க. எனக்கு இருபது நிமிஷம் தாங்காதா?” என்று என் தோளில் தட்டினார்.

அதற்குமேல் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. தோலுக்குள் அவரை ஏற்றினேன். முதுகு ஜிப்பை இழுத்தேன். நடை, குதி, அசைவு எதையாவது சொல்லித் தரட்டுமா என்று கேட்டேன். “நான்தானே இந்தக் கதையோட தலைவன்” என்றார். இந்த நாடகத்தை அவர் ஒருநாளும் முழுசாகப் பார்த்ததில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். முதல் மூன்று நிமிடம் பார்ப்பார், கைதட்டுவார், போய்விடுவார். கடைசியாகத் தலையை எடுத்து அவர் தலைமேல் வைத்தேன். ஓநாய் சிரித்தது. அது எப்போதும் சிரிக்கும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

வரைந்த மலைப் பலகைக்குப் பின்னால், பனியனோடு நின்று பார்த்தேன். இசை காது கிழிய ஆரம்பித்தது.

அவர் கையை விரித்துக்கொண்டு, தேர்தலில் ஜெயித்தவர்போல் மேடைக்குள் போனார். கேமரா எங்கே என்று பார்த்துப் பார்த்து ஆடினார். ஓநாய் அப்படி நடக்காது. எதிர்ப்பக்கம் நின்ற நால்வருக்கும் வேஷத்துக்குள்ளிருந்து ஒரு கையகல இடம்தான் தெரியும். ஓநாய்க்குப் பயத்தில் காலும் கையும் இழுத்துக்கொள்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

முதலில் தவளை. அவள் அடிமரம் வரைந்த பலகைக்குப் பின்னால் கைவிட்டு மரச்சுத்தியலை எடுத்தாள். தூக்கும் விதத்திலேயே கனம் தெரிந்தது. ஒரு சுற்றுச் சுற்றி, பக்கவாட்டில், விலாவில் இறக்கினாள். உலர்ந்த குச்சி முறிகிற சத்தம் இசையைத் தாண்டி என் காதுக்கு வந்தது. ஓநாய் இரண்டாக மடிந்தது. கூட்டம் சிரித்தது.

என் விலாவைத் தடவிக்கொண்டேன். அது எனக்கு வந்த அடி. ஆறு வருடம் தினமும் என் தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைத்தவள். அவளுக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள், எங்கிருந்து வருகிறாள், எதுவும் நான் கேட்டதில்லை. இப்போது பதில் வந்துவிட்டது.

மேலாளர் கத்தியிருப்பார். ஓநாய்த் தலைக்குள் கத்தினால் ஓநாய்க்குத்தான் கேட்கும். அவர் நிமிர்ந்து, போதும் என்பதற்காக இரண்டு கையையும் மேலே தூக்கினார். எந்த மனிதனும் அதைத்தான் செய்வான். ஆனால் எங்கள் நாடகத்தில் ஓநாய் இரண்டு கையைத் தூக்கினால் ‘அடுத்தவன் வாடா’ என்று அர்த்தம். அடுத்த அடிக்கான குறிப்பே அதுதான். நாடகத்தை முழுசாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அணில் வந்தான். கடிதம் வந்த நாளிலிருந்து வீட்டில் எனக்குச் சோறு இறங்கவிடாமல் முறைத்தவன். சுத்தியலைத் தலைக்குமேல் தூக்கினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, சுத்தியல் ஓநாயின் தோளில் மெதுவாக உட்கார்ந்திருந்தது. தட்டிக்கொடுப்பதுபோல் இரண்டு தடவை தொட்டுவிட்டு இறக்கிவிட்டான். முன்வரிசையில் ஒரு அப்பா, “ஏய், சாப்பிடலையா?” என்று கத்தினார். அணில் ஓரமாகப் போய் முதுகைத் திருப்பி நின்றான். வாலுக்குமேல் அவன் தோள் குலுங்கியது. பயலுக்குக் கை வரவில்லை. என்னால் அங்கே போய் அவனைத் தொட முடியவில்லை. நான் அங்கே இருந்தேனே, ஓநாயாக.

மேலாளர் ஓடப் பார்த்தார். கூட்டம் எழுந்து நின்று ரசித்தது. ஆமை வழியை மறித்தார். மேலாளர் மறுபடி இரண்டு கையையும் தூக்கினார்.

ஆமை சொன்னதைச் செய்கிறவர். முட்டி. கால் ஒரு பக்கம் போனது, ஓநாய் இன்னொரு பக்கம் போனது. விழுந்த ஓநாய் ஒரு காலை இழுத்துக்கொண்டு தவழ்ந்தது. கார்ட்டூனில் இந்த இடத்தில் அடிபட்டவன் தாள்போல் தட்டையாகி, காற்றில் ஆடி, கட்டைவிரலை வாயில் வைத்து ஊதித் திரும்பவும் உப்பிக்கொள்வான். அடுத்த காட்சியில் கட்டுப் போட்டிருப்பான், அதற்கடுத்த காட்சியில் கட்டும் இருக்காது. அந்த இரண்டு காட்சிக்கும் நடுவில் கிடக்கிற ஆறு வாரத்தை யாரும் வரைவதில்லை. வரைந்தால் யார் பார்ப்பார்கள்?

பத்தடி தூரம். நான் ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். அந்த நேரத்தில் என்னைப் பிடித்துவைத்தது பழிவாங்கும் ஆசை என்று சொன்னால் நம்பும்படி இருக்கும். ஆனால் அது இல்லை. முயல் என்ன செய்வாள் என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது. அவள் மட்டும்தான் என் கண்ணைப் பற்றித் தெரிந்தவள். தோளுக்குக் கீழே ஒரு தட்டுத் தட்டுவாள், எல்லாம் முடிந்துவிடும், பிறகு போய்த் தூக்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

முயல் சுத்தியலை எடுத்தாள். ஓநாய் முழங்காலில் எழுந்து, கெஞ்சிக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கியது. அவள் நேரே நிற்கவில்லை. இரண்டு அடி வைத்துச் சுற்றி, ஓநாயின் இடது பக்கத்துக்கு வந்தாள். கால் அகட்டி நின்றாள். தூரம் பார்த்தாள். பத்து வருடமாக அடித்துப் பழகியவள், குறி தவறாதவள். சுத்தியல் இடது நெற்றிப்பொட்டில் விழுந்தது.

ஓநாயின் தலை பிளந்து கழன்று, மேடையின் விளிம்பில் ஒருமுறை துள்ளி, முன்வரிசைக்குள் உருண்டது. கழுத்துக்குமேல் மேலாளரின் முகம் இருந்தது. மூக்கிலிருந்தும் காதிலிருந்தும் ரத்தம் வந்தது. அவர் எதையோ அறிவிக்கப்போவதுபோல் வாயைத் திறந்தார், ஒரு பல் வெளியே வந்தது, முகம் குப்புற விழுந்தார். மக்கள் ஆரவாரம் செய்தார்கள். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி ஓநாய்த் தலையை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டு நாற்காலிமேல் ஏறி ஊளையிட்டாள். படப்பிடிப்பாளர் நிறுத்தவே இல்லை; அழுகை வரும் என்று காத்திருந்தார்.

ஆம்புலன்ஸ் வந்து மேலாளரை எடுத்துப்போனது. உடை மாற்றும் அறையில் அணில் என்னைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டான். “மாமா, நீங்க… நான் தொட்டது அந்தாளையா?” என்றான். தொட்டதற்காக வருத்தமா, அடிக்காததற்காக வருத்தமா என்று புரியவில்லை. ஆமை என் முட்டியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். “பாக்கி இல்ல. உன் கணக்குலயே வச்சுக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். தவளை போகும்போது முதன்முறையாக என்னிடம் பேசினாள். “வரேன்.”

முயல் கடைசியாக வந்தாள். தலையைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தாள். முடி வியர்வையில் ஒட்டியிருந்தது. என் எதிரே உட்கார்ந்தாள்.

“நீ இங்க நிக்கிற” என்றாள்.

“நான்னு நெனச்சுத்தான அடிச்ச?”

“ஆமா.”

“இடது பக்கமா சுத்தி வந்து.”

“ஆமா.”

“மறந்துட்டியா?”

“மறந்திருந்தா முதுகுல அடிச்சிருப்பேன்.” கையுறையை விரல் விரலாக இழுத்துக் கழற்றினாள். “கண்ணைக் காப்பாத்தத்தான் கையெழுத்துப் போட்டேன்னு நீ ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தா, போடுன்னு நானே பேனா குடுத்திருப்பேன். பலகையில ஒட்டித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா? அப்புறமும் வந்து தலையில மட்டும் வேணாம்ங்கிற. என் வாய்க்குள்ள அப்ப சோறு இருந்துச்சு. துப்பியிருக்கணும்.”

“கண்ணு போயிருந்தா?”

“போயிருந்தா ரெண்டு பேரும் ஒண்ணா வீட்டுக்குப் போயிருப்போம். நான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேன். அதையும் யோசிச்சுத்தான் அடிச்சேன்.” எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். கதவுவரை போனவள் திரும்பவில்லை.

யாரும் யாரையும் பிடித்துக் கொடுக்கவில்லை, ஏனென்றால் குற்றம் எதுவும் நடந்ததாகவே மேலே ஒத்துக்கொள்ளவில்லை. சட்டப்படி அது மேலாளர் மனமுவந்து போட்டுக்கொண்ட வேஷம். படத்தை மூன்று நாளில் இலட்சக்கணக்கானோர் பார்த்துவிட்டார்கள். ‘இப்படி ஒரு தத்ரூபம் கண்டதில்லை’ என்று எழுதினார்கள். தலைமை அலுவலகம் மருத்துவமனைக்கு மலர்க்கொத்தும், ‘மகிழ்ச்சிக்காகத் தன்னையே தந்தவர்’ என்று ஒரு கேடயமும் அனுப்பியது. மேலாளர் தாடையில் கம்பி கட்டிய நிலையில் அதைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். அடிகள் ஒத்திகை பார்த்தவைதான் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். தெரியாமல் வாங்கினேன் என்று சொல்வதைவிட முட்டி இல்லாமல் இருப்பது அவருக்குக் கௌரவமாகப் பட்டது.

திங்கட்கிழமையிலிருந்து மூன்று நாள் புதுத் தலையோடு பலூன் அடி வாங்கினேன். வியாழக்கிழமை எனக்குக் கடிதம் வந்தது. பங்கேற்புக் கதைக்கு வரவேற்பு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு. வருகிறவர்கள் பலூனை விரும்பவில்லை. எனவே கெட்டி ரப்பர் சுத்தியல். தலை கழன்று உருள்வதே மக்கள் மனம் கவர்ந்த காட்சி என்பதால், இனி ஒவ்வொரு அடியும் தலையிலேயே விழ வேண்டும். தலை எளிதில் கழல்வதற்கு ஒரு கொக்கி வைத்திருக்கிறோம். கலைஞரின் முந்தைய இரண்டு நிபந்தனைகளும் மக்கள் விருப்பத்தை முன்னிட்டுத் தளர்த்தப்படுகின்றன. கீழே நான் கையெழுத்துப் போட ஒரு கோடு.

உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து அதைப் படித்தேன். அறையில் வேறு யாரும் இல்லை. எழுந்து, ஓநாயின் உடலைக் கொக்கியில் மாட்டினேன். தாளை மடிக்காமல் பெஞ்சிலேயே விட்டுவிட்டு வெளிவாசல் வழியாக நடந்தேன். வாசல் காவலாளி அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, “எவ்ளோ வருஷம்?” என்று கேட்டார். சொன்னேன். “நீங்க எந்த மிருகம்?” என்றார். அதையும் சொன்னேன். “அந்த வீடியோ பாத்தேன் சார், செம அடி” என்று கையைக் குலுக்கினார்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் முயலின் அழைப்பு வந்தது. வணக்கம், நலமா எதுவும் இல்லை.

“கண்ணு இருக்கா?”

“இருக்கு.”

“வேலை?”

“போயிடுச்சு.”

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் வைக்கிற ஓசை கேட்டது.

“அப்ப சரி” என்றாள். “பன்னண்டு மணிக்கு சாப்பாட்டை எடுத்துக்கிட்டு வா. எங்க உக்கார்றதுன்னு பாப்போம்.”